காப்பீட்டு அட்டையா, அரசு ஆஸ்பத்திரியா? ராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு கணக்கு

"மருத்துவத்தைத் தனியாரிடம் விட்டுவிடலாம், இல்லாதவர்களுக்கு மட்டும் அரசு பணம் கட்டட்டும்" என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. 2009-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சர் பெயரில் விரிவாகி, 2018-இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதயத்தில் அடைப்பு என்றால் இந்தக் காப்பீட்டு அட்டைக்கு ஈடில்லை. வள்ளத்தை அடகு வைக்காமல் உயிர் தப்பலாம்.

ஆனால் பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே மூழ்கிப் பாசி பறிக்கிறார். பாதத்தைப் பாறை கிழிக்கிறது. உடம்பில் சர்க்கரையும் இருக்கிறது. அவருக்குத் தேவை தினமும் கட்டு மாற்றுவதும் மாத்திரையும்தான். காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே. புண் முற்றி, விரலை எடுக்க வேண்டும் என்ற கட்டம் வந்தால்தான் அட்டைக்கு வேலை. பஸ் செலவையும் போன கூலியையும் எந்த அட்டையும் தராது. பெரிய தனியார் மருத்துவமனைகளோ பணம் புழங்கும் மதுரையைத்தான் தேடிப் போகின்றன. ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர்.

மாவட்ட மருத்துவமனையையே தனியார் கல்லூரியோடு இணைத்து, ஒரு பகுதிப் படுக்கைகளுக்குச் சந்தை விலை வைக்கும் யோசனையை மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2020-இல் முன்வைத்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வரிசை! எந்த வரிசை நீளும் என்று சொல்லவும் வேண்டுமா?

அரசு மருத்துவமனை மட்டும் சொர்க்கமா? இல்லை. காலையில் சீட்டு வாங்கிய மூதாட்டி மதியம் வரை பெஞ்சில் காத்திருக்கிறார். ஸ்கேனுக்குத் தனி வரிசை. சிக்கலான கேஸ் என்றால் "மதுரைக்குக் கொண்டு போங்கள்". ஆனாலும் 2022-இல் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. லாபம் இல்லாத இந்த வேலைக்கு எந்தத் தனியார் வருவார்?

என் ஓட்டு அரசு மருத்துவமனைக்கே. அட்டையும் கூட இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் நடக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் வருகிறது. அந்த அறுவைகள் மதுரைக்குப் போகாமல் ராமநாதபுரத்திலேயே நடந்தால் பணமும் இங்கேயே தங்கும். அதற்கு முதலில் நிபுணர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது.