ஆறு வருஷமாக இசட் 6: நிக்கானை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு

நிக்கானின் இசட் 6 ஒரு மிரர்லெஸ் கேமரா, அதாவது லென்ஸுக்குப் பின்னால் எழும்பி இறங்கும் கண்ணாடி இல்லாதது. அது எதற்கு என்று எனக்குப் புரிந்த இடம் ஒரு சுடலைமாடன் கோவில் கொடை விழா. நள்ளிரவுச் சாமக்கொடை நேரம். டியூப் லைட்டை அணைத்துவிட்டார்கள். தீப்பந்த வெளிச்சம் மட்டும்தான். மகுட மேளம் நின்று, வேட்டைக்குக் கிளம்பும் முன் சாமியாடும் கோமரத்தாடி கண்ணை மூடி நிற்கிறார். கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரான என் பழைய டி 750 ஆக இருந்திருந்தால், உள்ளே கண்ணாடி எழும்பி அடிக்கும் அந்தச் சத்தத்துக்கே பத்துப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இசட் 6-ல் திரை ஓடாமல் சென்சாரே படத்தைப் படித்துக்கொள்ளும் சைலன்ட் ஷட்டரைப் போட்டு முப்பது படம் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "தம்பி, படம் எடுத்தியளா இல்லியா? சத்தத்தையே காணோம்." திரையில் காட்டியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்னொன்றும் அன்றுதான் பழகியது. பந்தம் முகத்துக்கு அருகே வரும்போது வெளிச்சம் எகிறும், விலகினால் இருட்டு. முன்பெல்லாம் குத்துமதிப்பாக வைத்து எடுத்து, பார்த்து, மறுபடி எடுப்போம். இதில் எடுக்கப்போகும் படமே வியூஃபைண்டரில் தெரிகிறது. கன்னத்தில் நிறம் சரியாக வரும்வரை டயலைத் திருப்பினால் போதும்.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்துக்கு நிக்கான் ஏன் இத்தனை தாமதமாக வந்தது? பானாசோனிக் ஜி 1 என்ற மிரர்லெஸ் வந்தது 2008-ல். நிக்கான் 2011-ல்தான் நிக்கான் 1 என்ற மிரர்லெஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அதன் சென்சார் பரப்பு, பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேமில் ஏழில் ஒரு பங்குகூட வராது. தன்னுடைய டிஎஸ்எல்ஆர் விற்பனையைத் தானே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கை இறுக்கிக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 2013-ல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸாகச் சோனி ஏ 7 வந்தது. திருநெல்வேலி ஸ்டுடியோக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். நிக்கான் 1 வரிசை 2018-ல் முடிந்தது. அதே வருஷம்தான் இசட் 6-ம் இசட் 7-ம் வந்தன.

தாமதமாக வந்தாலும், லென்ஸ் மாட்டும் மவுண்டில் சரியான முடிவு எடுத்தார்கள். 1959-லிருந்து இருந்த எஃப் மவுண்டில் லென்ஸ் பொருத்தும் வாய்க்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர். கண்ணாடி போனதும் புது இசட் மவுண்டில் அது 16 ஆகச் சுருங்கியது, வாயும் 55 மில்லிமீட்டராக அகன்றது. பழைய எஃப் மவுண்ட் லென்ஸை மாட்டும்போது மிச்ச இடைவெளியை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்புகிறது. என்னைப் போல பழைய லென்ஸ் வைத்திருப்பவனுக்கு உயிர் வந்ததே அதில்தான். உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் அப்படியே ஓடும். அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் சொந்த மோட்டார் இல்லாத என் 85 மில்லிமீட்டர் 1.8 டி லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆனால் ஃபோகஸ் ஆன விளிம்பு நிறம் மாறித் தெரிவதால், மணப்பெண் நெற்றிச்சுட்டியில் ஒவ்வொரு கல்லையும் கூர்மையாகப் பிடிக்க முடிகிறது. கேமரா பாடிக்குள்ளேயே கை ஆட்டம் தாங்கும் வசதி இருக்கிறது. டி 750-ல் அது இல்லை.

நடைமுறைக்கு வருவோம். இசட் 6-ல் கார்டு போடும் இடம் ஒன்றுதான், கார்டு கெட்டால் மாற்றுப் பிரதி கிடையாது. அதனால் முகூர்த்தத்துக்கு உதவியாளர் கையில் டி 750-ம் இருக்கும். 2020-ல் வந்த இசட் 6 II-ல் இரண்டு இடம் வைத்துவிட்டார்கள். பேட்டரி மூன்று வேண்டும். ஆனி மாசக் காற்றில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கண்ணாடி இல்லாததால் தூசி நேரே சென்சாரில்தான் உட்காரும்.

பெரிய குறை சைலன்ட் ஷட்டரில். எல்இடி விளக்கு கட்டிய மண்டபத்தில் அதைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக வரி விழும். சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது விளக்கு மினுக்குவதால் வருவது இது. வேகமாகப் படிக்காத எந்தக் கம்பெனி கேமராவிலும் நடக்கும். கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் நாரையைச் சத்தமில்லாமல் எடுக்கலாம். பறக்கும் கூழைக்கடாவுக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான், இல்லையென்றால் சிறகு வளைந்து வரும்.

இதனால்தான் நிக்கானின் வருங்காலம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 2021-ல் வந்த இசட் 9-லும், 2023-ல் வந்த இசட் 8-லும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சார் அத்தனை வேகம். ஆனால் அந்த விலையை ஒரு மாவட்டத்து ஸ்டுடியோ கல்யாண ஆர்டரில் மீட்பது கஷ்டம். 2024-ல் வந்த இசட் 6 III-ல் பாதி வழியாவது வந்து, முன்னைவிட வேகமாகப் படிக்கும் பார்ஷியலி ஸ்டாக்டு சென்சார் போட்டார்கள். அதே வருஷம் சினிமா கேமரா செய்யும் ரெட் கம்பெனியையும் வாங்கினார்கள். வீடியோவில் பின்தங்கியவர்கள் என்ற பேரை மாற்ற நினைக்கிறார்கள் என்று நம்புகிறேன். இசட் 9 நிருபர்கள் கையில் இருப்பது பெருமைதான். ஆனால் கம்பெனி தழைப்பது நடுத்தர விலை பாடியில்தான் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறோம்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் பழைய எஃப் மவுண்ட் லென்ஸை அவசரப்பட்டு விற்க வேண்டாம். கடைகளில் அதற்குக் கொடுக்கும் விலை ரொம்பக் குறைவு. நான் அடுத்த வைகாசிக்குள் இசட் 6 III எடுத்துவிடுவேன். இசட் 6 உதவியாளர் கைக்குப் போகும், 85 என் பையிலேயே இருக்கும்.