மாம்பூவா, வேப்பம்பூவா?

யாழ்ப்பாணத்து வளவுகள் பூத்துக் கிடப்பதைப் பார்க்கத் தை, மாசியில் மாம்பூவுக்கு வருவதா, பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவுக்கு வருவதா? எனக்கென்றால் மாம்பூதான்.

கோப்பாய், நீர்வேலிப் பக்கச் செம்மண் ஒழுங்கைகளில் நடந்தால், வேலிக்கு மேலால் கறுத்தக்கொழும்பான் மாமரம் பூத்து நிற்பது தெரியும். கிட்டப் போய் ஒரு கொத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் காம்பு, அதில் மிளகளவு வெளிர்மஞ்சள் பூக்கள், நூற்றுக்கணக்கில். பெரும்பாலானவை ஆண்பூ, கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே பெரிய விஷயம். ஈ மொய்க்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள், மகரந்தம் காவுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு. ஆனால் கடும் பனியோ, காலம் தப்பிய மழையோ வந்தால் கொத்துக் கறுத்துக் கொட்டிவிடும். பூத்த செய்தி கேட்டதும் புறப்பட்டுவிட வேண்டும்.

வேம்பு அவ்வளவு அவசரப்படுத்தாது. பூ கண்ணுக்குப் பெரிதாகப் படாது. வாசம்தான், அதுவும் பொழுதுபட. உதிர்ந்தாலும் வீணில்லை. கூட்டி அள்ளி, உளுந்தோடு சேர்த்து வடகம் போடுவார்கள். பொரித்தால் சோற்றுக்கு அருமை.

சரி, ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமென்றால்? பங்குனித் தொடக்கத்தில் பிந்திப் பூத்த மாமரம் ஒன்றிரண்டு கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.