சென்னை பிரசிடென்சி காலேஜ்: கட்சி வேலை பாக்கற ஒரு பொண்ணோட ரிவ்யூ

அரசியல்லதான் இருக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு மேல படிக்க காலேஜ் தேடுறவங்களுக்கு ப்ளேஸ்மென்ட், ரேங்கிங் எல்லாம் ரெண்டாம் பட்சம்தான். காலேஜ் எந்த எடத்துல இருக்கு, அங்க படிச்சிட்டே ஊர் ஆளுங்களோட தொடர்பு விட்டுப்போகாம பாத்துக்க முடியுமா, இந்த ரெண்டைத்தான் பாக்கணும். நானும் இதை வச்சுத்தான் பிரசிடென்சி காலேஜ்ங்கற மாநிலக் கல்லூரிய போய் பாத்துட்டு வந்தேன், எம்.ஏ. அரசியல் அறிவியல் சேரலாம்னு ஐடியா. 5க்கு 4 குடுப்பேன்.

நான் விழுப்புரம் பக்கம். பி.ஏ. முடிச்சிட்டு பூத் கமிட்டி வேலை பாக்கறேன், வாக்காளர் பட்டியல்ல விட்டுப்போன புள்ளைங்களுக்கு படிவம் 6 எழுதிக் குடுக்கறது, கிராம சபைக்கு வீடு வீடா போய் பொம்பளைங்கள கூப்பிடறது, இப்படி. 2021 அக்டோபர்ல எங்க மாவட்டத்துல உள்ளாட்சி தேர்தல் நடந்தப்ப நிக்கறதுக்கு எனக்கு 21 வயசு ஆகல, அடுத்த தேர்தல்ல கண்டிப்பா நிக்கணும். அந்த தேர்தல்ல ஜெயிச்சு பஞ்சாயத்து தலைவரான எங்க பெரியம்மாதான் காலேஜ் பாக்க என்கூட வந்தாங்க.

காலேஜ் ஆரம்பிச்சது 1840, மெரினாவ பாத்தாப்ல நிக்கற அந்த செவப்பு கட்டிடம் 1870ல திறந்தது, கோபுரத்துல நாலு பக்கமும் கடிகாரம் இருக்கும், பாக்க அவ்வளவு கம்பீரம். ஆனா எனக்கு அதைவிட பெரிசா பட்டது அக்கம்பக்கம்தான். அதே காமராஜர் சாலையில கொஞ்சம் நடந்தா எழிலகம், வருவாய் நிர்வாக ஆணையர் ஆபீஸ் அங்கதான். சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை பக்கம் போனா ஏதாவது ஒரு சங்கத்துக்காரங்க கோரிக்கையோட ஆர்ப்பாட்டத்துல உக்காந்திருப்பாங்க. கோட்டைக்கு பஸ்ஸுல ஏறினா கொஞ்ச நேரம், சட்டசபை நடக்கற நாள்ல உங்க தொகுதி எம்.எல்.ஏ. மூலமா பாஸ் வாங்கினா மாடத்துல உக்காந்து விவாதத்த நேர்ல பாக்கலாம். பெரியம்மா எழிலகத்த பாத்துட்டு சொன்னாங்க, "ஏம் பாப்பா, ஒரு பட்டா விஷயத்துக்கு நான் எத்தன ஆபீஸ் ஏறி எறங்கியிருப்பேன், நீ படிக்கற எடத்துக்கு பக்கத்துலயே எல்லாம் இருக்கு, எந்த மனு எந்த மேசைக்கு போவுதுன்னு மொதல்ல அத கத்துக்க". எந்த ப்ராஸ்பெக்டஸ்லயும் இது இருக்காது.

இங்க படிச்சு அரசியலுக்கு வந்தவங்க லிஸ்ட் பெரிசு. மு.க.ஸ்டாலின் வரலாறு, ப.சிதம்பரம் புள்ளியியல், திருமாவளவன் வேதியியல், அந்தக் காலத்து சி.சுப்பிரமணியம் இயற்பியல். ஒருத்தரும் அரசியல் அறிவியல் இல்ல பாருங்க, அதனால அந்த பாடம்தான் எடுக்கணும்னு கட்டாயமே இல்லன்னு எனக்கு தோணுது. ஆனாலும் நான் அதையே எடுக்கப் போறேன், ஏன்னா பஞ்சாயத்துக்கு அரசியல் சட்ட அந்தஸ்து குடுத்த 73வது திருத்தம், நிதிக்குழு, மாநில உரிமைன்னு மேடையில பேசறத எல்லாம் மூலத்துல இருந்து படிக்கணும்னு ஆசை. டிபார்ட்மென்ட்ல ஒரு மேடம் என்ன படிக்கணும், எப்படி படிக்கணும்னு பொறுமையா உக்காந்து சொன்னாங்க, கட்சியில இருக்கேன்னு சொன்னதுக்கும் முகம் சுளிக்கல.

இன்னொண்ணு மனசுல நின்னுச்சு. பார்வை இல்லாத மாணவர்கள் இங்க நெறைய பேர் படிக்கறாங்க, காது கேக்காதவங்களுக்குன்னே தனியா பி.காம்., பி.சி.ஏ. இருக்கு. நாளைக்கு ஊராட்சியில ஒரு ரேஷன் கடையோ ரோடோ போடும்போது இவங்க எப்படி நடப்பாங்கன்னு யோசிக்கறவங்கதான் நல்ல மக்கள் பிரதிநிதி, அந்த யோசனை கூடவே உக்காந்து படிச்சா தானா வரும்.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, பஸ்ஸுலயும் ட்ரெயின்லயும் "ரூட்டு தல"ன்னு, அதாவது ஒரு ரூட்டுல வர்ற பசங்களுக்கு ஒருத்தன் தலைவன்னு வச்சுக்கிட்டு, இந்த காலேஜ் பசங்களும் இன்னொரு காலேஜ் பசங்களும் அடிச்சுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச செய்திதான், உயிரே போயிருக்கு. ஒரு பஸ் முழுக்க பசங்கள சேக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு பூத்த நடத்தவும் தெரியும், அந்த தெறமை ரோட்டுல வீணாப் போறத பாத்தா வயிறு எரியுது. தமிழ்நாட்டுல பெரும்பாலான காலேஜ்ல மாணவர் தேர்தல் ஒழுங்கா நடக்கறதில்ல, 2006லயே லிங்டோ கமிட்டி வேட்பாளர் செலவு 5000 ரூபாய்க்கு மேல போகக்கூடாது, அச்சடிச்ச போஸ்டர் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லி வச்சிருக்கு. அதை முழுசா நடத்தினா இந்த பசங்களுக்கு வேற ஒரு பாதை கெடைக்கும்னு நான் உறுதியா நம்பறேன்.

அப்புறம் நடைமுறை விஷயம். விழுப்புரத்துல இருந்து தெனமும் வந்து போறது நடக்காது, ஹாஸ்டலோ ரூமோ வேணும். குடியரசு தின அணிவகுப்பு, ஒத்திகை நாள்லயும் கிரிக்கெட் மேட்ச் நாள்லயும் அந்த ஏரியா ட்ராஃபிக்க மாத்திடுவாங்க, பாத்து கெளம்புங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும், அதனால மாநாடு, பொதுக்கூட்டம் எல்லாத்துக்கும் ஓட முடியாது, எதுக்குப் போறதுன்னு தேர்ந்தெடுக்கணும். கிராம சபை வருஷத்துக்கு 6 நாள், அதுல ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எப்படியும் லீவு நாள்தான், நான் அந்த நாலையும் விடமாட்டேன்.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு: ஹாஸ்டல்ல சேந்ததும் ஓட்டர் ஐடிய சென்னைக்கு மாத்திடாதீங்க. வெளியூர்ல தங்கிப் படிக்கறவங்க சொந்த ஊர்லயே பேர வச்சுக்கலாம், உங்க ஊராட்சி பட்டியல்ல பேர் இல்லன்னா அங்க நிக்கவே முடியாது.

நான் அப்ளிகேஷன் போடறேன். அங்க படிச்சிட்டே ஊர்ல கட்சி வேலையும் பாத்த அக்காங்க யாராவது இருந்தா லேடீஸ் ஹாஸ்டல் எப்படி, சனி ஞாயிறு ஊருக்குப் போய் வர கஷ்டம் இருக்கான்னு சொல்லுங்க.