பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாட எந்த நாடகம்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மேடையேறும் இசை நாடகங்களில் இரண்டு: இசையமைப்பாளர் ராஜர்ஸ், பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் இணையின் ‘ஓக்லஹோமா!’ (1943), ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1959).

முதலாவதற்கு ஆடத் தெரிந்த பையன்கள் நிறைய வேண்டும். முதல் அங்கத்தின் முடிவில் வரும் கனவு நடனம் நீளமானது. பாலே பழகாத பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

இரண்டாவதில் ஏழு குழந்தைகள், மடம் நிறையக் கன்னியாஸ்திரிகள். பாட வந்த பெண் பிள்ளைகளில் பலருக்கும் இடம் கிடைக்கும். கடைக்குட்டி கிரெட்ல் வேடத்துக்கு யாராவது ஒரு மாணவியின் குட்டித் தங்கையையே கூட்டிவரலாம். 1965இல் வந்த திரைப்படத்தால் பாட்டுகளும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று கன்னியாஸ்திரி உடுப்பில் கோரஸ் பாடிய பாட்டி, இன்று பேத்தி மேடையில் ஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டைத் தொடங்கியதும், இருக்கையில் இருந்தபடியே கூடவே உதடசைப்பார். அந்த ஒரு காட்சிக்காகவே என் ஓட்டு இதற்குத்தான்.