'அந்த நாள்': வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதியில்) திரை கட்டிப் பார்க்க இன்றும் ஏற்ற படமா?

காரைக்குடிக்காரர் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய இந்தப் படம் 1954இல் வந்தது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கதாநாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943தான் கதை நடக்கும் காலம். சாட்சி சொல்ல வருகிறவர் மாற மாற, செத்தவரின் குணமும் மாறுகிறது. சந்தேகம் ஆள் மாறி ஆள் தாவுகிறது. செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளையும் இழுத்து உட்கார வைக்கும் சரக்கு இது. வசனம் சில இடங்களில் நாடகம்போல நீளும், பொறுத்துக்கொள்ளலாம். பேய்ப் படம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

செட்டிநாட்டு வீடுகளில் படத்தைக் கெடுப்பது எதிரொலிதான். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரே தடத்தில் பதிந்த பழைய மோனோ ஒலியில் பேச்சே விளங்காது. தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். திரைக்கு எதிர்ச்சுவரில் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஒரே ஸ்பீக்கர் போதும்; திரையை ஒட்டி நடுவில் வைத்து, பாஸை (கனத்த அடித்தொனியை)க் குறையுங்கள்.

முற்றத்து வெளிச்சம் அடங்க இரவு ஏழு மணிக்கு மேல் ஆகும், அதற்குமுன் போட வேண்டாம். புரொஜெக்டரில் 4:3 அளவை (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) வையுங்கள். அகலமாக இழுத்தால் முகங்கள் தட்டையாகிவிடும். பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இந்தப் படத்தில் பயமெல்லாம் அந்த நிழல்களில்தான் இருக்கிறது.