பத்தொன்பது மாதம் கட்டிய ஸ்மார்ட் மணிக்கூடும் என் கந்தோர் அழுத்தமும்

கனடாவில் இருக்கும் அக்கா 2024 தைப்பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த மணிக்கூடு இது. "உனக்குப் பிரஷர் கூடின மாதிரிக் கிடக்கு, இதைக் கட்டு" என்று கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். உண்மையில் அது பிரஷர் பார்க்கிற மணிக்கூடு இல்லை. மன அழுத்தத்துக்குப் புள்ளி போடுகிற மணிக்கூடு. அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்போது எனக்கும் ஒன்றுதான்.

பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வசதி இப்போது பல கம்பனி மணிக்கூடுகளில் இருக்கிறது, நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். குளிக்கும்போதும் சார்ஜ் போடும்போதும் தவிர இதைக் கழற்றியதில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். யாழ்ப்பாண நகரில் ஒரு லீசிங் நிறுவனத்தின் கிளையில் அறவீட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் எடுத்தவர்கள் தவணை பிந்தினால் அவர்களுக்கு அழைப்பு எடுப்பது, கிளைக்கு வந்தால் கதைப்பது, வராவிட்டால் வீட்டுக்குப் போவது. 2022இல் பெற்றோல் கியூவில் நாள்கணக்காக ஓட்டோவை நிறுத்திவைத்திருந்தவர்களின் நிலுவை இன்னும் முழுதாகத் தீரவில்லை. அந்த மனிதர்களிடம்தான் நான் காசு கேட்கவேண்டும். காகிதத்தில் வேலை எட்டரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். காகிதத்தில்.

மணிக்கூடு வருவதற்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிட்டது. காலையில் எழும்பினால் தாடை நோகும், பாண் கடிக்கக்கூடக் கஷ்டம். ஞானப்பல் என்று நினைத்துப் பல்வைத்தியரிடம் போனேன். வாயைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எங்கை வேலை செய்யிறியள்?" இரவில் நித்திரையில் பல்லை நெரிக்கிறேனாம். கடைவாய்ப் பற்களின் மேற்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டது. இரவில் போட்டுக்கொண்டு படுக்க ஒரு கவசம் செய்து தந்தார். நியாயமாகப் பார்த்தால் என் அழுத்தத்தைக் கண்டுபிடித்த பெருமை அவருக்குத்தான் போகவேண்டும். அதோடு கழுத்துப் பிடிப்பு, நெஞ்செரிவு, சின்ன மகன் தண்ணீர்க் கிளாசைத் தட்டிவிட்டால்கூட வீடு அதிரக் கத்துவது. இதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கழுத்துக்கு எண்ணெய், நெஞ்செரிவுக்குக் குளிசை, மகனுக்கு ஏச்சு என்று தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, மணிக்கூட்டுக்கு வருவோம். இதன் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கும். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சும் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறையும், அதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. அழுத்தப் புள்ளிக்கு அது பார்ப்பது துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் இல்லை, இரண்டு துடிப்புக்கு இடையிலுள்ள நேரத்தையும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக ஒரு செக்கனுக்கு ஒன்று என்று நினைப்போம். இதயம் அப்படி அடிப்பதில்லை. மூச்சை உள்ளே எடுக்கும்போது கொஞ்சம் விரையும், வெளியே விடும்போது கொஞ்சம் தாமதிக்கும். உடம்பு ஆறுதலாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் கூட. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு ஆயத்தமானால் ஏற்ற இறக்கம் குறைந்து, துடிப்பு பட்டாளக்காரர் நடப்பதுபோல ஒரே சீராகிவிடும். இதைக் கணக்குப்போட்டு 0 முதல் 100 வரை ஒரு புள்ளி தருகிறது. என்னுடையதில் 25 வரை ஓய்வு, 75க்கு மேல் கடும் அழுத்தம்.

உடம்பு ஏன் ஆயத்தமானது என்பது மணிக்கூட்டுக்குத் தெரியாது. தொடக்க மாதங்களில் என்னை ஏமாற்றியது இதுதான். காலையில் கோப்பி குடித்தால் ஏறும். மதியம் சோற்றை ஒரு பிடி பிடித்தால் ஏறும். சித்திரை வெயிலில் கோண்டாவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினால், ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்காமலே 70 காட்டும். அந்த வருடம் நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் நின்று அரோகரா சொல்லிக்கொண்டிருந்தேன், வருடம் முழுக்க எனக்கு மனம் நிறைந்த காலை அது. கையைப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை, ஓய்வெடுக்கச் சொல்லி. முருகன் முன்னால் நின்று சிரித்துவிட்டேன்.

அதனால் ஒரு டயறி எடுத்தேன். கடைக்காரர் ஒருவர் வருடப்பிறப்புக்குத் தந்த சின்ன டயறி. புள்ளி 60ஐத் தாண்டினால் நேரம், என்ன நடந்துகொண்டிருந்தது, உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று மூன்றே சொல். "11.20, வெயில், ஒன்றுமில்லை." "3.05, கிளையில் ஒருவர் சத்தம், கழுத்து." இப்படி. இந்த மணிக்கூட்டினால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை என்ன என்று கேட்டால், அது இந்த டயறியை எழுதவைத்ததுதான் என்பேன்.

இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் துலங்கியது. வாடிக்கையாளர் வந்து மேசையில் அடித்துச் சத்தம்போடும் நேரத்தில் என் புள்ளி ஏறும், ஆனால் அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடும். ஏறியது இறங்காமல் நிற்கும் நேரம் ஒன்றுதான்: மாலை ஏழரைக்குப் பிறகு. அந்த நேரம் நான் வீட்டில், அடுப்படியில், புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்து இரண்டு மணித்தியாலம். அப்படியிருக்க ஏன்?

ஏழரைக்குத்தான் வட்ஸ்அப் குறூப்பில் கொழும்பிலிருந்து அன்றைய அறவீட்டுப் பட்டியல் வரும். எல்லாக் கிளையும் வரிசையாக, கடைசியில் நிற்கும் கிளை சிவப்பு எழுத்தில், கீழே ஒரு கேள்விக்குறி. பதில் எழுத வழியில்லை. "சரி சேர்" என்று எல்லோரும் போடுவார்கள், நானும் போடுவேன். ஞாயிறு மாலையில் பட்டியல் வராது, ஆனாலும் ஏழரைக்கு உடம்பு ஏறிவிடும். பட்டியலை உடம்பு எதிர்பார்க்கப் பழகியிருந்தது.

இது ஏன் என்று பிறகு வாசித்து விளங்கிக்கொண்டேன். 1979இல் றொபேர்ட் கரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதியது: வேலைச்சுமை கூடியிருப்பது மட்டும் ஆளை வாட்டுவதில்லை, சுமை கூடியும் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கும்போதுதான் வாட்டம் உச்சத்துக்குப் போகும். என் டயறியை அந்த மனிதர் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. மேசையில் அடித்தவருக்குத் தவணைத் திகதியைத் தள்ளிக்கொடுக்க என்னால் முடியும். அவர் தணிவார், நானும் தணிவேன். ஏழரை மணிப் பட்டியலுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். 2024 ஐப்பசியில் ஒருநாள், வயதான அம்மா ஒருவர் மகனின் ஓட்டோத் தவணைக்காகக் கிளைக்கு வந்திருந்தார். உள்ளே இருந்த கந்தோர்த் தங்கச்சியிடம் நான், "அந்த நாற்பத்தேழு வந்து நிக்குது" என்றேன். நாற்பத்தேழு என்பது ஃபைல் இலக்கம். அவருக்குக் கேட்டுவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, தோளில் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் இருந்தார். அன்றிரவு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்துப் புள்ளி 31. மணிக்கூட்டின் கணக்கில் நான் அமைதியாக இருந்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் வேலைச் சோர்வை ஒரு நோயாகச் சேர்க்காமல், தொழிலோடு வரும் நிலை என்று விளக்குகிறது. அதற்கு மூன்று முகம். சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ ஏளனமோ வருவது, செய்யும் வேலை உருப்படியில்லை என்று தோன்றுவது. நான் முதலாவதை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது எப்போதோ வந்து குடியேறிவிட்டது. மனம் மரத்துப்போவதற்கு மணிக்கூட்டில் புள்ளி இல்லை.

இன்னொரு தவறு, இது உடலுக்கே ஆபத்தானது. 2024 மார்கழி, மழை விட்டிருந்த நேரம். ஓர் இரவு முழுக்க மணிக்கூடு 80க்குக் கீழே இறங்கவில்லை, வருட முடிவு நெருக்கடி என்று நினைத்து மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு கிடந்தேன். விடியக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டெங்கு. உடம்பு கிருமியோடு போராடும்போதும் இதே புள்ளிதான் ஏறும். ஆகவே காரணமில்லாமல் இரவில் ஏறி நின்றால் முதலில் காய்ச்சல் பாருங்கள். நெஞ்சு நோவு, மூச்சு முட்டு என்றால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூச்சுப்பயிற்சி வசதி நல்லது. திரையில் வட்டம் விரியும், சுருங்கும். நாலு செக்கன் உள்ளே, ஆறு செக்கன் வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த வேகத்தில் துடிப்பின் ஏற்ற இறக்கம் விரிவதால் புள்ளி பெரும்பாலும் இறங்கும், கழுத்தும் இளகும். கடினமான அழைப்பு எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் இதைச் செய்கிறேன், குரல் நடுங்குவதில்லை. ஏழரை மணிப் பட்டியலுக்கு இது வேலைசெய்யவில்லை. பட்டியல் அப்படியே இருக்க, நான் மட்டும் மூச்சு விட்டு என்ன?

இடையில் ஒரு மாதம் புள்ளியைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கொருமுறை கையைத் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகி, பார்ப்பதாலேயே ஏறத் தொடங்கியது. "அக்கா, உங்களுக்கு அவசரமா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். நேரம் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். இப்போது வாரத்துக்கொருமுறை, சனி இரவு மட்டும் போனில் பார்க்கிறேன்.

டயறியை எடுத்துக்கொண்டு 2025 மாசியில் மனேஜரிடம் போனேன். மணிக்கூட்டு வரைபடத்தைக் காட்டவில்லை, காட்டியிருந்தால் "நல்ல மணிக்கூடு, எவ்வளவு?" என்று கேட்டிருப்பார். இரண்டு மாதத்து ஏழரை மணிகளை மட்டும் காட்டினேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து தன் நெஞ்செரிவுக் குளிசை அட்டையைக் காட்டினார். "தங்கச்சி, எனக்கும் அதே நேரம்தான்." கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று வரையறுத்திருக்கிறது. அதை எழுதிய காலத்தில் அடுப்படிக்குள் வந்து நிற்கும் குறூப்பை ஒருவரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். கொழும்பை மாற்ற எங்களால் முடியவில்லை. கிளைக்குள் ஒன்று செய்தோம். பட்டியலை மனேஜர் மட்டும் பார்ப்பார், காலை எட்டே முக்காலுக்கு எல்லோரும் நின்றபடி பத்து நிமிடம் அதைக் கதைப்போம், யாருக்குத் திகதி தள்ளலாம் என்று அங்கேயே முடிவெடுப்போம். குறூப்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஆறு மணிக்குப் போன் லாச்சிக்குள் போகும். முதல் மூன்று கிழமை லாச்சியைத் திறந்து திறந்து பார்த்தேன். வைகாசிக்குப் பிறகுதான் ஏழரைக் கோடு வரைபடத்தில் தட்டையானது.

வீட்டுக்கு நேரே போகாமல் வாரத்தில் இரண்டு நாள் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய்க் கடற்காற்றில் பத்து நிமிடம் நிற்கிறேன். வீட்டுக்கு எதிர்ப்பக்கம்தான், ஆனாலும் பெற்றோல் கணக்குப் பார்க்கும் மாமி ஒன்றும் கேட்பதில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் நல்ல பலன், மழைக்காலத்தில் இல்லை.

உளவளத்துணையாளரிடமும் நான்கு தடவை போனேன். ஸ்கூட்டியை வாசலில் விட்டால் யாராவது கண்டு "அவவுக்கு விசராம்" என்று கதை கட்டுவார்களோ என்ற பயத்தில் முதல்நாள் ஸ்கூட்டியை அடுத்த ஒழுங்கையில் விட்டேன். நாற்பத்தேழாம் இலக்கக் கதையை முதலில் சொன்னது அங்கேதான். நேரில் போகத் தயங்குபவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, 24 மணித்தியாலமும்.

பொருளாகப் பார்த்தால்: பட்டரி முதலில் ஏழு நாள் நின்றது, இப்போது நாலு. ரப்பர் பட்டி எங்கள் வியர்வைக்குச் சரிவராது, இரண்டாம் மாதமே தோல் சிவந்து கடித்தது, துணிப் பட்டிக்கு மாறினேன். கனடாவில் வாங்கியதால் உத்தரவாதம் இங்கே செல்லாது. நித்திரைக் கணக்கு பரவாயில்லை, ஆனால் அசையாமல் விழித்துக்கிடந்தால் நித்திரை என்றே எழுதும்.

வாங்கலாமா என்று கந்தோர்த் தங்கச்சி கேட்டாள். மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்குவதென்றால் வேண்டாம், முதலில் ஒரு டயறியில் இரண்டு மாதம் எழுது, பல்வைத்தியரிடமும் ஒருமுறை வாயைக் காட்டு என்றேன். யாராவது தந்தால் கட்டு.

போன கிழமை அக்கா அழைப்பு எடுத்தார். அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாராம், இதில் புது மொடல் வந்திருக்கிறதாம், கொண்டுவரவா என்று கேட்டார்.

"துணிப் பட்டி இரண்டு மட்டும் கொண்டு வாங்கோ" என்றேன்.