ஸ்டுடியோவா, ப்ரோவா, பட்டறையா: கோவையில் கோல்ஃப் மட்டைக்கு யாரிடம் அளவு பார்ப்பது?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவருக்கு டாலரன்ஸ் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அளவுச் சார்ட்டைத் தாண்டினால் சரக்கு ரிஜக்ட். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்கு வரும்போது, அமெரிக்காவில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த செட்டை அளவே பார்க்காமல் எடுத்து ஆடுவார். பந்து இடப்பக்கமே போனால் தன் ஸ்விங்தான் (மட்டையை வீசும் விதம்) கோளாறு என்று இன்னும் நூறு பந்து அடிப்பார். பல நேரம் அது உண்மைதான். ஆனால் கோளாறு மட்டையில் இருந்தால் நூறு பந்து அடித்தும் பலனில்லை. மட்டையின் கோணலுக்கு ஏற்ப ஸ்விங்கும் கோணலாகப் பழகிவிடும்.

ஆடுகிற கோலையும் கிளப் என்கிறோம், ஆடுகிற இடத்தையும் கிளப் என்கிறோம். குழப்பம் வேண்டாமென்று இங்கே கோலை மட்டை என்றே எழுதுகிறோம்.

கொங்கு வட்டாரத்தில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்டாண்டர்ட் அளவில் வருவதை வாங்கி அப்படியே ஆடுவது. பெங்களூரோ சென்னையோ போய் ஸ்டுடியோவில், பந்து கிளம்பும் விதத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன்னால் அடித்துப் பார்ப்பது. ஊரிலேயே ப்ரோ (கோல்ஃப் கற்றுத்தரும் தொழில்முறை ஆட்டக்காரர்) ஒருவரின் கண்ணை நம்பி அளந்து, வேலையை இங்கேயே முடிப்பது. எது சிறந்தது என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடைக்காது. ஃபிட்டிங் என்ற பெயருக்குள் அளக்கும் வேலை, மாற்றும் வேலை என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் எதை அளப்பது

நீளம், லை, கிரிப் (கைப்பிடி உறை) தடிமன் இந்த மூன்றும்தான் அடிப்படை. ஷாஃப்டும் (மட்டையின் தண்டு) ஸ்பின்னும் (பந்தின் சுழற்சி) அதற்குப் பிறகு. மட்டையின் அடி தரையில் சரியாகப் படிந்திருக்கும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம்தான் லை. நடுத்தரத் தூரத்துக்கு எடுக்கும் 7 அயர்ன் மட்டையில் ஏறத்தாழ 62, 63 டிகிரி இருக்கும். அது தேவைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் மட்டைத் தலையின் நுனி (ஷாஃப்டுக்கு எதிர்ப்பக்கம்) தூக்கி நிற்கும், வலதுகை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் கிளம்பும். படுத்திருந்தால் வலப்பக்கம்.

எவ்வளவு திரும்பும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லை எத்தனை டிகிரி தப்போ, அதை லாஃப்டின் (பந்தில் படும் மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள். நெடுந்தூரத்துக்கு அடிக்கும் 10 டிகிரி டிரைவரில் லை 1 டிகிரி தப்பினால் முகம் 0.18 டிகிரிதான் திரும்புகிறது. 32 டிகிரி 7 அயர்னில் 0.6 டிகிரி. கிட்டத்து அடிக்கான 56 டிகிரி வெட்ஜில் 1.5 டிகிரி. லாஃப்ட் கூடக்கூட லை பிசகின் தண்டனையும் கூடுகிறது. ஆனால் நம் ஆட்கள் டிரைவருக்கு மட்டும் மெனக்கெட்டு ஃபிட்டிங் செய்துகொண்டு, வெட்ஜைக் கடையில் தொங்கினபடியே வாங்கி வருகிறார்கள்.

ஸ்டாண்டர்ட் செட்

ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவருக்கு இது போதும். 7 அயர்ன் 37 அங்குலம், 5 அயர்ன் 38 அங்குலம் என்பது ஸ்டீல் ஷாஃப்ட்டில் வழக்கமான அளவு. சராசரி உயரமும் சராசரிக் கை நீளமும் உள்ளவருக்கு இது பெரிதாகத் தப்பாது. வாங்கும்போது உயரத்தோடு மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள அளவையும் சொல்லுங்கள். உயரமானவருக்குக் கையும் நீளமாக இருந்தால் நீள மட்டை வேண்டியதில்லை. பிங் போன்ற கம்பெனி லைக்கு நிறப்புள்ளி வைத்து விற்கிறது: கறுப்பு ஸ்டாண்டர்ட், நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. பழைய செட் வாங்கும்போது அந்தப் புள்ளியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த அளவெல்லாம் நின்ற நிலையில் எடுப்பது. அடிக்கும்போது கை எங்கே வருகிறது என்பதை அது சொல்லாது.

ஸ்டுடியோ

இதன் பலம் டிரைவரிலும் ஷாஃப்டிலும் இருக்கிறது. லாஞ்ச் மானிட்டர்களில் டிராக்மேன் ரேடாரால் அளக்கிறது, ஜிசிகுவாட் நான்கு கேமராவால் அளக்கிறது. பந்து கிளம்பும் கோணம், ஸ்பின், வேகம் மூன்றும் எண்ணாக வரும். ஷாஃப்டின் விறைப்பைச் சொல்ல அதன் மேல் எழுதியிருக்கும் ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்குக் கம்பெனிகளுக்குள் பொது அளவுகோல் கிடையாது. ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப். ஆகவே ஷாஃப்டை அடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த இடத்தில் ஸ்டுடியோவுக்கு ஈடு வேறில்லை.

ஏமாறும் இடமும் அங்கேயே இருக்கிறது. உங்கள் பழைய 7 அயர்ன் 34 டிகிரி. விற்பவர் கையில் தரும் புதிய 7 அயர்ன் 28 டிகிரியாக இருக்கலாம். திரையில் பதினைந்து கெஜம் கூடினால் அது ஃபிட்டிங்கின் மகிமை இல்லை. 6 அயர்னுக்கோ 5 அயர்னுக்கோ உரிய லாஃப்டில் 7 என்று எண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒப்பிடும்போது லாஃப்டைக் கேட்டு, சம லாஃப்ட் மட்டையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உருண்டது சேர்ந்த மொத்தத் தூரம் வேண்டாம். பறந்த தூரம், பந்து இறங்கும் கோணம், பத்து பந்துகள் எவ்வளவு அகலத்தில் சிதறின என்ற மூன்றையும் கேளுங்கள்.

ரேஞ்ச் பந்தில் (பயிற்சி இடத்தில் தரும் பந்து) எடுத்த ஸ்பின் எண்ணை நம்ப வேண்டாம். நீங்கள் ஆடும் அதே பந்து நாலைந்து கொண்டு போங்கள். பாய் மேல் அடிக்கும்போது பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் பட்ட அடிகூட வழுக்கிக்கொண்டு நல்ல அடிபோல் திரையில் தெரியும். சாஃப்ட்வேரில் கடல் மட்ட உயரம் என்னவென்று வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல், கோவை ஏறத்தாழ 400. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே போய் ஆடிய தூரத்தை வைத்து இங்கே மட்டைக்கு மட்டை தூர இடைவெளி கணக்குப் போட்டால் எல்லாமே குட்டையாக விழும். இன்னொன்று: விடியற்காலை ரயிலேறி ஆறேழு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்கினதும் நேராகப் போய் அடிக்காதீர்கள். விறைத்த முதுகுக்கு ஏற்ற மட்டைதான் கிடைக்கும்.

எந்த மட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்ட் பெயர், கிரிப் அளவு, ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்ற அளவு) எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதைத் தர மறுக்கும் இடத்தில் ஃபிட்டிங்கே செய்ய வேண்டாம்.

ப்ரோவும் பட்டறையும்

கோவையில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இதுதான். லேத்தும் வெர்னியரும் தெரிந்த கைகள் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அளவைச் சரியாகச் சொன்னால் பாதிக்கு மேற்பட்ட வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

லை பார்க்க மெஷின் வேண்டாம், மார்க்கர் பேனா போதும். பந்தின் பின்பக்கம் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு மட்டை முகத்தைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்கும்படி பந்தைப் புல்லில் வைத்து 7 அயர்னால் அடியுங்கள். கோட்டின் மை முகத்தில் ஒட்டும். முகத்திலுள்ள வரிகளுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. மேல்முனை மட்டை நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை நிமிர்ந்திருக்கிறது. ஷாஃப்ட் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் துடைத்துவிட்டுக் குறைந்தது ஆறு பந்தாவது பாருங்கள். ஆறும் ஆறு விதமாக இருந்தால் மட்டையை விட்டுவிட்டு ப்ரோவிடம் பாடம் எடுத்துக்கொள்வதே முறை. இன்னும் நிலைக்காத ஸ்விங்குக்கு அளவெடுத்து என்ன பயன்?

வேலையின் வரிசை முக்கியம். முதலில் நீளம், பிறகு கிரிப், கடைசியில் லை. மட்டையை வெட்டினால் அது படுத்ததுபோல் ஆடும். லை வளைத்துவிட்டு அப்புறம் வெட்டினால் வளைத்த காசு தண்டம்.

வெட்டுவது கைப்பிடி முனையில் மட்டும். தலைப் பக்கத்து முனையை வெட்டினால் ஷாஃப்ட் விறைப்பாகிவிடும். ஸ்டீல் ஷாஃப்டுக்கு பிளம்பரின் பைப் கட்டர் போதும். கிராஃபைட்டுக்கு அது ஆகாது, நசுக்கி நார் பிரித்துவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, கட்டிங் வீலில் மெதுவாக அறுங்கள், தூசுக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் ஏறத்தாழ மூன்று புள்ளி இறங்கும்: டி2 இருந்தது சி9 ஆகும், தலை லேசாகத் தெரியும். தலையில் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும் என்பதால் 6 கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் பழைய நிலைக்கு வரும். நகைப் பட்டறைத் தராசில் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கிரிப் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. பழையதைக் கொக்கி பிளேடால் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகக் கிழியுங்கள். கிராஃபைட்டில் பிளேடு ஆழமாக இறங்கக் கூடாது. இருபக்கம் ஒட்டும் டேப்பை நீளவாக்கில் ஒட்டி, முனையில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வைத்துத் துளைக்குள் மடித்துவிடுங்கள். கிரிப்பின் அடித்துளையை விரலால் அடைத்து, உள்ளே மினரல் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேல் கவிழ்த்து, ஒரே தள்ளில் ஏற்றுங்கள். யோசித்துக்கொண்டு நின்றால் பாதியில் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு நின்று கிரிப் சுழலும். தடிமன் கூட்ட அடியில் மாஸ்கிங் டேப் சுற்றலாம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் கூடும். கை அதிகம் வியர்ப்பவர் நூல் கலந்த கார்ட் கிரிப் போடுவது நல்லது.

பட்டறையில் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. மட்டைத் தலையை பெஞ்ச் வைஸில் கவ்வி, பைப்பைச் செருகி வளைப்பது. ஃபவுண்டரி தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம். மட்டைத் தலையில் வார்த்தது ஒரு ரகம், அடித்துச் செய்தது ஒரு ரகம். அடித்துச் செய்த மென்கார்பன் ஸ்டீல் தலை சொன்னபடி வளையும், மூன்று டிகிரிகூடத் தாங்கும். மெழுகு வார்ப்பில் வந்த 17-4 ஸ்டெயின்லெஸ் முரட்டுச் சரக்கு. இரண்டு டிகிரிக்கு மேல் கேட்டால் ஷாஃப்ட் செருகும் ஹோசல் கழுத்தில் விரிசல் விடும், விட்டது உடனே தெரியாது. வைஸில் தலை நழுவினால் முகத்து வரிகளும் நசுங்கும். லை-லாஃப்ட் மெஷினில் முகத்தை மட்டமாகப் பூட்டி, வளைக்கும் கோலில் பித்தளை வைத்து, கோணமானியைப் பார்த்துக்கொண்டே அரை அரை டிகிரியாக நகர்த்துவார்கள். அந்த மெஷின் இருக்கும் இடத்தில்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். தலை என்ன உலோகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெட்ஜை வளைக்கும்போது பவுன்ஸையும் (மட்டையின் அடி தரையில் புதையாமல் தாங்கும் கோணம்) மறக்காதீர்கள். 12 பவுன்ஸ் உள்ள 56 டிகிரியை 54-க்குக் கொண்டுவந்தால் பவுன்ஸ் 10 ஆகிவிடும். மாசியிலிருந்து சித்திரை வரை தரை ஓடுபோல் காய்ந்து கிடக்கும் நம்மூருக்கு அது நல்லதாகவே முடியலாம். பவுன்ஸ் கூடின வெட்ஜ் அந்தத் தரையில் எகிறிப் பந்தின் வயிற்றில் அடிக்கும்.

யார் எங்கே போவது

ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாதவர் ஸ்டாண்டர்ட் செட் வாங்கி, நீளத்தையும் கிரிப்பையும் மட்டும் இங்கே சரிசெய்துகொள்ளட்டும். கைக்கு வந்த பழைய செட்டை வைத்திருப்பவருக்கு மார்க்கர் கோடு, பட்டறை, பிறகு மெஷின் என்பதுதான் எங்கள் சிபாரிசு. பெங்களூர்ச் செலவு அவருக்குத் தேவையில்லை. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) நிலைத்து, புது டிரைவர் வாங்கப் போகிறவர் தாராளமாக ஸ்டுடியோ போகலாம். அங்கே டிரைவர், ஷாஃப்ட் மட்டும் பார்த்துவிட்டு, அயர்னின் லையைப் புல்தரையில் மறுபடி சோதித்துக்கொள்வது உத்தமம். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வேகத்தைக் கண்டவர், ஸ்டுடியோ திரையில் மிக உயரமாகப் பறந்த டிரைவரை வாங்கத் துணியமாட்டார்.

திருகிக் கழற்றும் டிரைவர் என்றால் லாஃப்டை ஏற்றும்போது முகம் சற்று மூடும் என்பதையும், ஆட்டத்தின் நடுவே அதைத் திருகி மாற்ற விதி இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். கூடவே வரும், இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் குறடு கிளிக் என்று சொன்னதும் நிறுத்திவிடுங்கள்.

ஒட்டு வேலை செய்த மட்டைக்கு எப்பாக்சி முழுதாக இறுக ஒரு நாள் கொடுங்கள். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் ஒட்டு இளகும். கழுத்திலுள்ள கறுப்பு ஃபெரூல் வளையம் ஒரு மில்லிமீட்டர் மேலே நகர்ந்திருந்தால் தலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ அசைந்தாலோ அந்த மட்டை அன்றைக்குப் பையை விட்டு வெளியே வரக் கூடாது.